படமில்லாத சட்டம்

தோட்டத்து மக்களில் பலருக்கு முதல் படம் எடுத்தது ஸ்டூடியோ அல்ல, அரசாங்கம். 1948இல் அவசரகாலம் வந்ததும், கம்யூனிஸ்டுகளைப் பிரித்தறிய, 12 வயது நிரம்பிய எல்லாருக்கும் படம் ஒட்டிய அடையாள அட்டை கட்டாயமானது. கொள்ளுப்பாட்டியின் முகம் எங்களுக்குக் கிடைத்தது அப்படித்தான். அந்த அட்டைப் படத்தைப் பெரிதாக்கி, கரையான் அரித்த தேக்குச் சட்டமொன்றைத் தேய்த்து, மெருகுபோட்டு மாட்டினேன். பக்கத்தில், அவர் பெட்டியில் கிடந்த வாழைமரம் போட்ட ஜப்பான் காலத்து 10 டாலர் நோட்டு.

கொள்ளுத்தாத்தா 1943இல் சயாம் ரயில் பாதை போடப் போனவர். 415 கிலோமீட்டர் பாதையில் எங்கே புதைந்தாரோ, திரும்பவில்லை. யாருக்கு முகம் மிஞ்சும் என்பதை அந்த ஐந்து வருஷ இடைவெளி முடிவுசெய்துவிட்டது.

மூன்றாவதாக வெறும் சட்டம் ஒன்றை மாட்டினேன்.

“படமே இல்லாம எதுக்குடா?” என்றார் அம்மா.

“அவரும் இந்த வீட்டு ஆளுதானம்மா.”