ஊருக்குப் போனால் தீரும் நோய்

17ஆம் நூற்றாண்டு. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்து இளைஞன் ஒருவன் படிப்பதற்காகப் பாசல் நகரில் வந்து தங்கியிருந்தான். வெகுநாள் வாட்டமாகவே இருந்தவனுக்குக் காய்ச்சல் கண்டது. நெஞ்சு படபடத்தது. பிழைக்க மாட்டான் என்று பிரார்த்தனைகூட நடத்திவிட்டார்கள். அவனுக்குக் குடல் கழுவ மருந்துக்கடையிலிருந்து ஓர் ஆள் வந்தார். நோயாளியைப் பார்த்ததும் அவர் சொன்னதை யாரும் எதிர்பார்க்கவில்லை.

இது வீட்டு ஏக்கம். ஊருக்கு அனுப்புவதைத் தவிர வேறு மருந்தில்லை என்றார் அவர். படித்த மருத்துவர்களுக்குப் பிடிபடாததைக் கண்டுகொண்ட அந்த மனிதர்தான் இந்தக் கதையின் நாயகர். பயண ஏற்பாடு தொடங்கியதுமே இளைஞனுக்கு மூச்சு சீரானது. பாசலைத் தாண்டிச் சில மைல் போவதற்குள் நோய் தணிந்தது. பெர்னுக்குள் நுழையும் முன்பே முழுக்கக் குணமாகிவிட்டான். ஆனால் மருத்துவ நூல்களில் இந்த நோய்க்கு ஒரு பெயர்கூட இல்லை!

பெயர் வைத்தவர் யோஹன்னஸ் ஹோஃபர் என்ற 19 வயது மருத்துவ மாணவர். 1688இல் பாசலில் அளித்த ஆய்வேட்டில் இந்த இளைஞனின் கதையை எழுதினார். வீடு திரும்புதல், வலி என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டிப் புதுச்சொல் ஒன்றை உருவாக்கினார். 'பிலோபேட்ரிடோமேனியா' என்றொரு மாற்றுப் பெயரையும் முன்வைத்தார். நல்லவேளை, அது நிலைக்கவில்லை. பெயர் கிடைத்ததும் காரணம் தேடும் வேட்டை ஆரம்பித்தது.

மலைவாசிகள் சமவெளிக்கு இறங்கும்போது கனத்த காற்று உடலை அழுத்துகிறது என்றார் சூரிச் மருத்துவர் ஷாய்க்ட்சர். உயரமான கோபுரத்தில் ஏற்றி வைக்கலாம் என்பது அவருடைய வைத்தியம். வெளிநாட்டுப் படைகளில் கூலிக்குப் போரிட்ட சுவிஸ் வீரர்களை வாட்டியதோ ஒரு மெட்டு. ஊரில் மாடு மேய்ப்பவர்கள் இசைக்கும் அந்த மெட்டைக் கேட்டதும் வீரர்கள் அழுதார்கள், படையை விட்டு ஓடினார்கள், சிலர் இறந்தும் போனார்கள். அதனால் அதை இசைத்தால் மரண தண்டனை என்று தடை இருந்தது. 1768இல் தன் இசை அகராதியில் இப்படி எழுதியவர் தத்துவ அறிஞர் ரூசோ. அடுத்த நூற்றாண்டில் நோய் அட்லாண்டிக்கைத் தாண்டியது.

1861இல் மூண்ட அமெரிக்க உள்நாட்டுப் போரில், வடக்குப் படையில் மட்டும் 5,000க்கும் மேற்பட்டவர்களுக்கு இந்த நோய் என்று ராணுவ மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். பிறகு மெல்ல மெல்ல மருத்துவம் இதைக் கைவிட்டது. ஊருக்கான ஏக்கம், கடந்துபோன காலத்துக்கான ஏக்கமாக மாறியது.

பழைய வானொலிப் பெட்டியையும் தூர்தர்ஷன் நிகழ்ச்சிகளையும் பார்த்துப் புன்னகையோடு இன்று சொல்லப்படும் 'நாஸ்டால்ஜியா', அந்தப் போர்க்கால ஏடுகளில் இறப்புக்கான காரணமாக எழுதப்பட்ட சொல்.