சின்ன வாசல்

போட்டித் தேர்வுக்குப் படிக்கிற நம் பிள்ளைகளுக்கு பிரான்சு என்றால் நாலு வரி. தலைநகர் பாரிஸ், சேன் நதிக்கரை, மேற்கே அட்லாண்டிக், 1789இல் புரட்சி. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று எழுதினால் மார்க் கிடைக்கும். அந்த நாலு வரிக்குள் இடம் கிடைக்காத ஒரு சனத்தைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

வரைபடத்தில் தென்மேற்கு மூலையைப் பாருங்கள். பிரான்சையும் ஸ்பெயினையும் பிரிக்கிற பிரனீஸ் மலைத்தொடர், ஏறக்குறைய 430 கிலோமீட்டர். ஸ்பெயின் பக்கத்தில் பிறக்கிற கரோன் ஆறு துலூஸ், போர்தோ நகரங்கள் வழியே ஓடி அட்லாண்டிக்கில் விழுகிறது. இந்த ஆற்றுக்கும் மலைக்கும் இடைப்பட்ட கஸ்கோனி, பெயார்ன் கிராமங்களில் 'ககோ' என்று ஒதுக்கப்பட்ட மக்கள் பல நூற்றாண்டுகள் வாழ்ந்தார்கள். மலைக்கு அந்தப் பக்கம் நவார்ராவில் இவர்களுக்குப் பெயர் 'அகோத்தே'.

நிறம் வேறில்லை, மொழி வேறில்லை, மதமும் அதே கத்தோலிக்கம்தான். ஆனாலும் ஊருக்கு வெளியே தனிக் குடியிருப்பு. கோவிலுக்குள் போகத் தனி வாசல், பெரும்பாலும் குனிந்து நுழைகிற மாதிரி சின்னது. தீர்த்தத்துக்குத் தனித் தொட்டி. செத்தால் தனிக் கல்லறை. பல இடங்களில் வாத்துக்கால் வடிவத்தில் சிவப்புத் துணியைச் சட்டையில் தைத்துக்கொள்ள வேண்டும். வெறுங்காலோடு நடக்கக் கூடாது, மண்ணில் தீட்டு ஒட்டிக்கொள்ளுமாம்! நம்மூர்த் தெருவில் செருப்புப் போட்டால் அடி. அங்கே போடாவிட்டால் குற்றம்.

விட்டுவைத்த தொழில் தச்சு வேலை. 1379இல் கஸ்தோன் ஃபெபுஸ் என்ற பிரபு தன் மொந்தனேர் கோட்டையின் மரவேலைக்கு இவர்களோடுதான் ஒப்பந்தம் போட்டான். ஆள் தொட்டால் தீட்டு. அந்த ஆள் இழைத்த உத்தரத்துக்குக் கீழே பிரபு நிம்மதியாகத் தூங்கலாம்.

ஏன் ஒதுக்கினார்கள்? தொழுநோயாளிகளின் வாரிசு என்றார்கள், தோற்றுப்போன கோத்தியரின் வாரிசு என்றார்கள். எதுவும் நிரூபணமாகவில்லை. 1600இல் துலூசில் மருத்துவர்கள் ரத்தம் எடுத்தே சோதித்துப் பார்த்து, நோய் ஒன்றுமில்லை என்று சொன்னார்கள். நோய் இல்லை என்றதும் ஊர் ஏற்றுக்கொண்டதா என்றால், இல்லை.

அவர்கள் சும்மா இருக்கவுமில்லை. நவார்ராவின் அகோத்தேக்கள் 1514இல் போப் பத்தாம் லியோவுக்கு மனுப் போட்டார்கள். மற்ற கிறிஸ்தவர்களைப் போலவே நடத்த வேண்டும் என்று மறுவருடம் போப்பிடமிருந்து உத்தரவு வந்தது. 1683இல் பதினான்காம் லூயியும் பாகுபாட்டை ஒழித்து ஆணையிட்டான். காகிதம் ரோமிலிருந்தும் அரண்மனையிலிருந்தும் வந்தது; சின்ன வாசலின் சாவி உள்ளூர்க்காரன் கையில் இருந்தது.

அதே பிரெஞ்சுக்காரன் ஆண்ட புதுச்சேரியில், மாதா கோவிலுக்குள் பறையர் கிறிஸ்தவர்களைப் பிரித்து ஒரு சுவர் நின்றது. 1745இல் நம் சனங்கள் திரண்டுபோய்ப் பாதிரியாரிடம் நியாயம் கேட்டார்கள், சுவர் இடிக்கப்பட்டது. மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் இதை எழுதிவைத்திருக்கிறார். நம் சனம் எழுதிவைத்த குறிப்பு இருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கும்.

1789 புரட்சி ககோக்களைச் சட்டப்படி குடிமக்களாக்கியது. தங்கள் பிறப்பைக் காட்டிக்கொடுக்கிற பதிவேடுகளை அந்தக் கலவரத்தில் அவர்களே தேடிக் கொளுத்தியதாகச் சொல்வார்கள். அதனால் இன்று யார் ககோ வம்சம் என்று கண்டுபிடிப்பது கடினம். அரோ என்ற மலையூரில் ஒரு சிறிய காட்சியகம் இருக்கிறது. சேன் சவேன் கோவிலில் அந்தத் தீர்த்தத் தொட்டியும் இருக்கிறது. சில கோவில்களில் சின்ன வாசலைக் கல் வைத்து அடைத்திருக்கிறார்கள். அடைத்த தடம் சுவரில் தெரிகிறது.