கடல் கடந்து வந்த தலைவி



ஜேடர்பாளையத்தில் காவிரியை மறித்து நிற்கும் அணையையும், அங்கிருந்து பிரிந்து ஓடும் இராஜவாய்க்காலையும் உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். குடகு மலையில் பிறந்த அந்த நீரைக் கரும்புத் தோட்டத்தில் பாய்ச்சும் உழவன், அது எந்த நாட்டில் பிறந்தது என்று கேட்பதில்லை. மனிதர் விஷயத்தில், அதிலும் அரசியலில், இக்கேள்வி கேட்கப்படாமல் இருப்பதில்லை. வேற்று நாட்டில் பிறந்த ஒருவர் ஒரு தேசத்தின் பெயரால் பேசலாமா? நம் நாட்டில் இக்கேள்வியை முதன்முதலாகப் பெரிய அளவில் எழுப்பியவர் அன்னி பெசண்ட் அம்மையார்.

அவர் 1847-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் இலண்டனில் பிறந்தார். தாய்வழியில் ஐரிஷ் இரத்தம் உடையவர். இருபது வயதில் ஒரு பாதிரியாரை மணந்தார். சமயக் கொள்கையில் ஐயம் தோன்றவே 1873-இல் பிரிந்தார். குடும்பக் கட்டுப்பாடு பற்றிய ஒரு சிறு நூலைச் சார்லஸ் பிராட்லாவுடன் சேர்ந்து வெளியிட்டதற்காக 1877-இல் வழக்கு மன்றத்தில் நின்றார். அதனைக் காரணங்காட்டிப் பெற்ற மகளையே நீதிமன்றம் அவரிடமிருந்து பிரித்தது. 1888-இல் இலண்டன் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களுக்குத் துணை நின்று வெற்றி தேடித் தந்தார். அவ்வாண்டிலேயே இலண்டன் பள்ளிக் குழுவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இவ்வளவையும் நான் விரைந்து சொல்லிச் செல்வதற்குக் காரணம் உண்டு. இந்தியாவுக்கு வந்தபோது அவர் அரசியல் அறியாத ஞானப் பெண்மணி அல்லர். கூட்டம் கூட்டவும், பத்திரிகை நடத்தவும், வழக்காடவும் நன்கு பழகியவர்.

1893 நவம்பரில் தூத்துக்குடியில் வந்து இறங்கினார். பிரம்மஞான சபையின் பணிக்காகவே வந்தார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சமயமும் கல்வியுமே அவர் தொழில். காசியில் மத்திய இந்து கல்லூரியை 1898-இல் நிறுவினார். 1907-இல் சபையின் தலைவராகி அடையாற்றில் நிலைத்தார். அரசியலில் இறங்கியது 1914-இல்தான். அப்போது அவருக்கு வயது அறுபத்தாறு. அவ்வாண்டில் சென்னையில் ஒரு நாளிதழை விலைக்கு வாங்கி, 'நியூ இந்தியா' எனப் பெயர் மாற்றி நடத்தலானார்.

ஐரோப்பாவில் பெரும்போர் நடந்த காலம் அது. போர் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்பது மிதவாதிகளின் எண்ணம். இங்கிலாந்தின் நெருக்கடியே இந்தியா உரிமை கேட்க வேண்டிய தருணம் என்றார் அம்மையார். 1916 செப்டம்பரில் சென்னைக் கோகலே மண்டபத்தில் ஹோம் ரூல் லீக்கைத் தொடங்கினார். அதே ஆண்டு ஏப்ரலில் திலகரும் தம் லீக்கைத் தொடங்கியிருந்தார். சென்னை அரசாங்கம் 'நியூ இந்தியா'விடம் இரண்டாயிரம் ரூபாய் ஈடு கேட்டது. பின்னர் அதனைப் பறிமுதல் செய்து பத்தாயிரம் கேட்டது. அதையும் கட்டிப் பத்திரிகையை நடத்தினார். உயர்நீதிமன்றத்துக்கும் சென்றார்.

எதிர்ப்பு அரசாங்கத்திடமிருந்து மட்டும் வரவில்லை. புதுவையிலிருந்த பாரதியார் 1914-இலேயே பொன்வால் நரி என்ற ஓர் ஆங்கிலக் கட்டுக்கதை எழுதி அவரை எள்ளி நகையாடியிருந்தார். 1916 டிசம்பரில் பிட்டி தியாகராயச் செட்டியார் வெளியிட்ட பிராமணரல்லாதார் அறிக்கை ஹோம் ரூலை எதிர்த்தது, டாக்டர் டி. எம். நாயர் அம்மையாரை மிகக் கடுமையாகத் தாக்கினார். வெள்ளையர் கையிலுள்ள அதிகாரம் ஒரு சிறு வகுப்பாரின் கைக்கு மாறுவதுதான் சுயாட்சியா என்பது அவர்கள் வினா. பழைய இந்து சமூக அமைப்பை அம்மையார் முன்னர் புகழ்ந்து பேசி வந்ததை நினைத்தால், அவ்வச்சத்தை வீண் என்று தள்ளிவிட முடியாது. அதற்கு அவர் நிறைவான விடை அளித்ததாக எனக்குத் தோன்றவில்லை.

1917 ஜூனில் கவர்னர் பெண்ட்லாந்து பிரபு அவரையும், உடன் உழைத்த அருண்டேல், வாடியா இருவரையும் காவலில் வைக்க ஆணையிட்டார். பேசக்கூடாது, எழுதக்கூடாது. குறிப்பிட்ட சில ஊர்களுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம் என்றார்கள்; உதகமண்டலத்தைத் தேர்ந்தார். அங்குள்ள வீட்டில் சிவப்பும் பச்சையுமான ஹோம் ரூல் கொடியை ஏற்றினார். எழுபதை நெருங்கும் ஒரு கிழவியை மலைமீது அடைத்து வைத்தால் இயக்கம் ஒடுங்கும் என்று அரசாங்கம் எண்ணியது போலும்! நடந்ததோ வேறு. அதுவரை ஒதுங்கி நின்ற ஜின்னா லீக்கில் சேர்ந்தார். மோதிலால் நேருவும் சேர்ந்தார். முன்னாள் நீதிபதி சுப்பிரமணிய ஐயர் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் வில்சனுக்கே கடிதம் எழுதினார். அதனால் எழுந்த கண்டனத்தின்பின் தம் சர் பட்டத்தையும் துறந்தார். ஆண்டு முடிவில் லீக்கின் உறுப்பினர் தொகை ஏறத்தாழ 27,000. ஆகஸ்டு 20-இல் மாண்டேகு பொறுப்பாட்சியைப் பற்றிய அறிவிப்பை வெளியிட்டார். செப்டம்பரில் அம்மையார் விடுதலையானார். டிசம்பரில் கல்கத்தாவில் கூடிய காங்கிரஸ் மகாசபைக்கு அவரே தலைவர். அப்பதவியில் அமர்ந்த முதல் பெண் அவர். பிறந்த நாட்டில் பாராளுமன்றத் தேர்தலில் வாக்களிக்க அன்று பெண்கள் எவருக்கும் உரிமை இல்லை என்பதையும் இங்கே எண்ணிப் பாருங்கள். அவ்வுரிமை 1918-இல்தான், அதுவும் முப்பது வயதுக்கு மேற்பட்டோருக்கு மட்டும், வந்தது.

மாநாடு நடக்கும் மூன்று நாள் மட்டும் தலைவர் என்றிருந்த வழக்கத்தை மாற்றி, ஆண்டு முழுவதும் தலைவராக உழைக்கலானார் அவர். ஆனால் இரண்டாண்டுகளுக்குள் எல்லாம் மாறிற்று. 1919-இல் ரௌலட் சட்டத்தை எதிர்த்துக் காந்தியடிகள் சத்தியாக்கிரகம் அறிவித்தபோது, சட்டத்தை மீறப் பழகும் மக்கள் பின்னர் எச்சட்டத்துக்கும் அடங்கார் என்று அம்மையார் அஞ்சினார். கல்லெறியும் கூட்டத்தின்மீது படை சுடுவதை நியாயப்படுத்தும் வகையில் அவ்வாண்டு ஏப்ரலில் அவர் எழுதியது மக்கள் மனத்தைப் புண்படுத்தியது. பஞ்சாபின் துயரச் செய்திகள் வரவர, அச்சொற்கள் மன்னிக்கப்படவே இல்லை. 1920-இல் சேலம் விஜயராகவாச்சாரியார் தலைமையில் நாகபுரியில் கூடிய காங்கிரஸ் ஒத்துழையாமையை உறுதி செய்தது. மூன்றாண்டுகளுக்கு முன் தேரிழுத்துக் கொண்டாடிய கட்சியிலிருந்து அம்மையார் விலகி நின்றார்.

அவரை அயலாள் என்பதற்காக நாடு கைவிட்டது என்று சிலர் எழுதுகிறார்கள். நான் அவ்வாறு எண்ணவில்லை. உதகையில் காவலில் இருந்தபோதும் அவர் அயலாள்தானே? வழியைப் பற்றிய வேற்றுமைதான் அவரைப் பிரித்தது. சட்டமன்றம், மசோதா, மனு என்ற வழியில் அவர் நம்பிக்கை வைத்தார். சிறைக்குச் செல்லும் ஆயிரக்கணக்கான எளிய மக்களிடம் காந்தியடிகள் வைத்தார். இதே வேற்றுமையால் இந்நாட்டிலேயே பிறந்த மிதவாதிகள் பலரும் ஒதுக்கப்பட்டார்கள்.

அவர் சோர்ந்துவிடவில்லை. இந்தியர்களைக் கொண்டே இந்தியாவுக்கு ஓர் அரசியலமைப்பு மசோதா வரைவித்து, 1925-இல் தொழிற்கட்சியினர் மூலம் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் கொண்டுவரச் செய்தார். அது சட்டமாகவில்லை. அவரைச் சூழ்ந்திருந்தோர் செய்தவையே நெடிது நிலைத்தன. வாடியா 1918-இல் திரு. வி. க. முதலியோருடன் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கண்டார். 1917-இல் அடையாற்றில் தோன்றிய இந்திய மாதர் சங்கத்துக்கு அம்மையார் தலைவர். அதனை இயக்கியவர்களுள் மார்கரெட் கசின்ஸ் என்ற ஐரிஷ் பெண்மணியும் ஒருவர். அச்சங்கம் வாக்குரிமைக்காகப் போராடியது. சென்னை மாகாணம் 1921-இல் அதனைப் பெண்களுக்கு வழங்கியது.

1933 ஏப்ரலில் தடையை மீறிக் கல்கத்தாவில் காங்கிரஸ் கூடியது. தலைமை ஏற்க வந்த மாளவியா வழியிலேயே கைதானார். அவ்விடத்தில் தலைமை தாங்கியவர் நெல்லி சென்குப்தா. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் பிறந்து, வங்காளத்துக்கு மருமகளாக வந்தவர். போலீசார் அவரையும் கைது செய்தனர். அவ்வாண்டு செப்டம்பர் 20-இல், அடையாற்றில், அன்னி பெசண்ட் அம்மையார் காலமானார்.