சுருள்வில்லில் பிறந்த கார்வை

மாத்தளைக்கு வடக்கே, அலுவிகாரையின் பாறைக் குகையில் பேசுவோனின் குரல் கல்லில் மோதி அவனிடமே மீள்கிறது. அம்முழக்கத்தைத் தகரப் பெட்டியில் அடைத்த வரலாறோ தொலைபேசியில் தொடங்கியது. நெடுந்தூரப் பேச்சில் குரல் தாமதிப்பதை ஆராய, அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தார் சுருள்வில்லைக் கையாண்டனர். 1930களின் இறுதியில் லாரன்ஸ் ஹம்மண்ட் அதைத் தம் மின் ஓர்கனுக்கு எடுத்துக்கொண்டார். தேவாலயத்தில் முழங்கிய வாத்தியம், கம்பளம் விரித்த வீட்டறையில் வறண்டு ஒலித்ததே காரணம். எண்ணெய்க் குழாய்களுடன் நான்கடி உயரம் நின்ற அவர் கருவி, 1960 அளவில் 17 அங்குலப் பெட்டியாகச் சுருங்கிற்று. லியோ பெண்டர் 1961இல் கிற்றாருக்கெனத் தனிக் கருவியாகவும், 1963இல் ஒலிபெருக்கியின் உள்ளேயும் அதை அமைத்தார்.

ஆகவே இன்று வீட்டில் ஒலிபெருக்கி கட்டுவோன் நீளத்தை மட்டும் அளந்து வாங்குதல் பிழை. பெண்டர் சுற்றுகளுக்குரிய ‘4ஏபி3சி1பி’ என்னும் குறியீட்டில் ‘ஏ’ என்பது 8 ஓம் உள்ளீட்டுத் தடங்கல். ‘3’ நீண்ட கார்வை. வால்வும் மின்மாற்றியும் அதனை இயக்கும். மின்மாற்றியற்ற சிறு சுற்றில் இணைத்தாலோ ஓசை மெலிந்துவிடும். அதற்கு 600 ஓம் போன்ற உயர்ந்த உள்ளீடு வேண்டும். பொருத்தும்போது வெளியீட்டு முனை மின்வழங்கு மாற்றிக்கு அருகில் வரலாகாது. வந்தால் இசைக்கு முன்னே இரைச்சல் கேட்கும்.