சத்யாவும் வேதாவும்

முதுகலை வகுப்பில் ஒருநாள் கேட்டேன்: எம்.ஜி.ஆரை அவருடைய அம்மா ஏன் நாடகக் கம்பெனியில் சேர்த்தார்? "வறுமை மேடம்" என்றார்கள் மாணவிகள். ஜெயலலிதாவை அவருடைய அம்மா ஏன் சினிமாவுக்குள் தள்ளினார்? "காசு ஆசை" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். யாரும் மறுக்கவில்லை.

இரண்டு அம்மாக்களும் கைம்பெண்கள். கும்பகோணத்தில் குடியேறிய சத்யபாமா, பசி தாங்காமல் சக்கரபாணியையும் ராமச்சந்திரனையும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் விட்டார். சோறும் பாயும் பாடமும் அடியும் ஒரே கூரைக்குள் கிடைத்த இடங்கள் அந்தக் கம்பெனிகள். பெண் வேடத்தையும் பையன்களே கட்டினார்கள். ஏழு வயதுப் பையனை அங்கே விட்டுவிட்டு வரும் தாயை யாரும் பேராசைக்காரி என்று சொல்லவில்லை. வளர்ந்து நாயகனான மகன் தன் ஸ்டூடியோவுக்கே சத்யா என்று பெயர் வைத்தார்.

வேதவல்லியின் கணவர் இறந்தபோது மகளுக்கு இரண்டு வயது. பெங்களூரில் குமாஸ்தா வேலை பார்த்தவர், நடிகையான தங்கையின் பின்னால் சென்னைக்கு வந்து, சந்தியா என்ற பெயரில் தானும் நடித்தார். மகள் சில வருடங்கள் பாட்டி வீட்டில் வளர்ந்தாள். 1964இல் பள்ளி இறுதியில் சிறந்த மதிப்பெண், மேற்படிப்புக்கு உதவித்தொகை. அம்மாவுக்கு வாய்ப்புகள் குறைந்துகொண்டிருந்த நேரம் அது. படிக்கத்தான் ஆசைப்பட்டேன், அம்மாவின் வற்புறுத்தலால் நடிக்க வந்தேன் என்று ஜெயலலிதா பிற்காலப் பேட்டிகளில் ஒளிக்காமல் சொன்னார். அந்த வலியை நான் குறைத்துப் பேசவில்லை. 1965இல் வெண்ணிற ஆடையில் அவர் ஏற்ற முதல் தமிழ் வேடம், மனம் பேதலித்த இளம் விதவை. கைம்பெண்ணின் பதினேழு வயது மகளுக்கு அதைத்தான் கொடுத்தார்கள். அதே வருடம் ஆயிரத்தில் ஒருவனில் அவருக்கு ஜோடி, பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்த அந்தப் பையன். வயது 48.

சந்தியாவுக்கு முன்னால் என்ன வழி இருந்தது? குமாஸ்தா சம்பளமா, மறுமணமா, அண்ணன் தம்பி வீட்டு அடுப்படியா? பையனைப் பெற்றவளிடம் இந்தக் கேள்வியைக் கேட்காமலே பதிலைத் தந்துவிடுகிறோம். மகள் மட்டும் அம்மாவை இரண்டு விதமாகவும் வைத்திருந்தார். குறையைச் சொன்னார். அம்மா வாங்கிய போயஸ் தோட்டத்து வீட்டில், வேதா நிலையம் என்ற பெயரோடு, கடைசிவரை வாழ்ந்தார்.

எனக்கும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. ஒன்பது வயதில் குறள் ஒப்புவித்தல் போட்டி மேடைகளில் நின்றவள் நான். ஒரு குறளை மறந்ததற்காக மேடைக்குப் பின்னால் அம்மா கன்னத்தில் அறைந்தாள். என் முதல் தொகுப்பில் அந்த அறை ஒரு கவிதையானது, பலர் பாராட்டினார்கள். அம்மா வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, புத்தகத்தை அலமாரியில் வைத்தாள்.

வகுப்பு முடிந்த அன்று அதை எடுத்து மறுபடி வாசித்தேன். கவிதையில் அப்பா இல்லவே இல்லை. ஒவ்வொரு போட்டிக்கும் என் பெயரைக் கொடுத்தவர் அவர்தான். பரிசுக் கோப்பைகளை அலுவலகத்துக்கு எடுத்துப்போய்க் காட்டியவரும் அவர்தான்.