உச்சிப் பிள்ளையார் ஊரின் கொழுக்கட்டை

கொழுக்கட்டை என்பது பச்சரிசி மாவை வெந்நீரில் கிளறி, கையால் வடிவம் பிடித்து, ஆவியில் வேகவைக்கும் பண்டம். உள்ளே பூரணம் வைத்து மூடினால் பூரணக் கொழுக்கட்டை. வெல்லப்பாகு சேர்த்த மாவை விரல் தடம் பதிய உள்ளங்கையில் அழுத்தினால் பிடிகொழுக்கட்டை. மோதகம் என்பது இதன் பழைய பெயர். உருண்டையாகக் குவித்து மூடியது மோதகம், அரைவட்டமாக மடித்து ஓரம் ஒட்டியது கொழுக்கட்டை என்று பிரித்துச் சொல்லும் வழக்கமும் உண்டு. யாழ்ப்பாணத்தில் இந்த வேறுபாட்டைக் கண்டிப்பாகவே பார்ப்பார்கள். உறையூர், மலைக்கோட்டை, ஸ்ரீரங்கம் என்று காவிரியின் இரு பக்கமும் விரிந்து கிடக்கும் திருச்சியில் மலைக்கும் கொழுக்கட்டைக்கும் பிரிக்க முடியாத உறவு இருப்பதால், இதன் வரலாற்றை இங்கிருந்து சொல்வது பொருத்தம்.

பிள்ளையாரோடு சேர்த்தே கொழுக்கட்டையை நினைத்துப் பழகியவர்களுக்கு முதலில் ஒரு வியப்பு காத்திருக்கிறது. தமிழ் இலக்கியத்தில் பிள்ளையார் வருவதற்கு முன்பே மோதகம் வந்துவிட்டது. பாண்டியன் நெடுஞ்செழியன் மேல் மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி, நள்ளிரவில் மதுரைக் கடைத்தெரு அடங்கும் வேளையைக் காட்டுகிறது. அங்கே அடையும் மோதகமும் விற்ற வணிகர்கள் இருந்த இடத்திலேயே தூங்கி விழுகிறார்கள். மோதகத்துக்கு உள்ளீடு உண்டு என்பதையும் அந்தப் பாட்டு சொல்கிறது. உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அதைப் பருப்பும் தேங்காயும் என்று விளக்குகிறார். அதைவிடச் சுவையான செய்தி, மோதகம் செய்வதற்குப் புலவர் கையாளும் சொல் ‘பிடித்தல்’ என்பதுதான். பிடிகொழுக்கட்டை என்ற இன்றைய பேச்சுவழக்கில் அதே வினைச்சொல் மாறாமல் இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையோ புகார்க் கடற்கரையில் இரவில் எரிந்த விளக்குகளை வரிசையாகச் சொல்லும்போது மோதகம் விற்பவர்களின் விளக்கையும் விடாமல் சேர்க்கிறது. இந்த இரண்டு நகரங்களுக்கும் நடுவே, கோவலனும் கண்ணகியும் கவுந்தி அடிகளோடு கடந்து போன வழியில் இருந்தது சோழர் தலைநகரான உறையூர். அதன் கடைத்தெரு இரவைப் பாடிய பாட்டு நமக்கு வாய்க்கவில்லை. ஆனால் மதுரையிலும் புகாரிலும் தெருவில் விற்ற பண்டம் இடையிலிருந்த தலைநகரில் மட்டும் இல்லாமல் போயிருக்காது.

ஆக, தொடக்கத்தில் மோதகம் கடைப் பண்டம். அது சாமிக்குப் படைக்கும் பண்டமானது பின்னால்தான். சங்கப் பாடல்களில் பிள்ளையார் வழிபாட்டுக்குச் சான்று இல்லை. திருச்சி மலையின் மேற்குடைவரையை 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவன் மகேந்திரவர்மன் சிவனுக்காகக் குடைவித்தான். அடிவாரத்தில் உள்ள கீழ்க்குடைவரை பாண்டியர் காலத்தது, 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பார்கள். அதன் பின்சுவரில் முருகன், பிரமன், சூரியன், கொற்றவை ஆகியோரோடு கணபதியும் நிற்கிறார். ஊர் சொல்லும் கதை வேறு. இராமன் கொடுத்த அரங்கனின் திருமேனியோடு இலங்கைக்குப் போன விபீடணன், காவிரிக் கரையில் அதை ஒரு சிறுவனிடம் ஒப்படைத்துவிட்டுக் குளிக்கப் போனான். சிறுவன் அதைத் தரையில் வைத்துவிட, அது அங்கேயே நிலைத்து ஸ்ரீரங்கமானது. துரத்திய விபீடணனுக்குப் பிடிகொடுக்காமல் சிறுவன் ஏறி நின்ற இடமே மலையுச்சி. ஸ்ரீரங்கத்துப் பெருமாளையும் மலைக்கோட்டைப் பிள்ளையாரையும் ஒரே கதையில் முடிந்து வைத்திருக்கிறது இந்த ஊர்.

ஆவணி மாதச் சதுர்த்தியன்று மலையில் நடக்கும் படையல் ஊரறிந்தது. அண்மை ஆண்டுகளில் 150 கிலோ கொழுக்கட்டை செய்து, அடிவாரத்து மாணிக்க விநாயகருக்கு 75 கிலோவும் உச்சிப் பிள்ளையாருக்கு 75 கிலோவுமாகப் படைக்கிறார்கள். பச்சரிசி மாவு, வெல்லம், தேங்காய், எள், நெய், ஏலக்காய், சாதிக்காய் எல்லாம் சேர்ந்த மாவு அது. மடப்பள்ளியில் ஆவியில் வெந்ததும், குழந்தையைத் தூளியில் போட்டுத் தூக்குவதுபோல் துணியில் வைத்து, படிகளில் தோள் மாற்றி மேலே சுமந்து போகிறார்கள். படைத்தபின் துண்டு போட்டுப் பிரசாதமாகக் கொடுக்கிறார்கள்.

வீட்டுக் கொழுக்கட்டையின் நுட்பம் அளவில் இல்லை, மேல்மாவில் இருக்கிறது. பச்சரிசியை ஊறவைத்து வடித்து, நிழலில் துணியில் பரப்புவார்கள். கையில் எடுத்தால் நாலு அரிசி ஒட்டிக்கொள்ளும் ஈரம் இருக்கும்போதே அரைக்க வேண்டும். காய்ந்துவிட்டால் மாவு சொரசொரக்கும். முன்பு உரலில் இடித்துச் சலித்தார்கள், பிறகு மாவு மில் வந்தது. கொதிக்கும் தண்ணீரில் சிட்டிகை உப்பும் ஒரு கரண்டி நல்லெண்ணெயும் விட்டு, மாவைக் கொட்டிக் கட்டியில்லாமல் கிளறி, ஈரத்துணி போட்டு மூடிவைப்பார்கள். பிறகுதான் சொப்பு. நெல்லிக்காய் அளவு மாவை உருட்டி, எண்ணெய் தொட்ட கட்டைவிரலை நடுவில் அழுத்தி, மற்ற விரல்களால் சுற்றிச் சுற்றிக் கிண்ணமாக்குவது அது. அடிப்பக்கம் கனமாக இருந்தால் மாவு வாசனை அடிக்கும்; விளிம்பு மெலிந்தால் வேகும்போது விரிசல் விட்டு வெல்லம் ஒழுகும். உள்ளே இருக்கும் பூரணத்தின் நிறம் வெளியே லேசாகத் தெரிகிற மெல்லிய சொப்பு, பழகிய கைக்கு மட்டுமே வரும். தேங்காய்ப் பூரணம், கடலைப்பருப்புப் பூரணம், எள்ளுப் பூரணம் இவை இனிப்பு. உளுத்தம்பருப்பு அரைத்து வேகவைத்துத் தாளித்தது காரம். எது எதற்குள் இருக்கிறது என்று தெரிய, இனிப்புக்கு ஒரு வடிவமும் காரத்துக்கு ஒரு வடிவமும் வைப்பார்கள்.

மாவை இலைக்குள் வைத்து வேகவைப்பது இன்னொரு கிளை. காவிரிப் படுகையில் பூவரச இலையில் மாவைத் தட்டி, பூரணம் வைத்து, மடித்து வேகவைக்கும் கொழுக்கட்டை உண்டு. பச்சை இலையின் வாசம் மாவில் இறங்குவதுதான் அதன் உயிர். வாழை இலையிலும் இதே முறைதான். முசிறி, தொட்டியம், லால்குடி வாழைத் தோட்டங்களை அருகில் வைத்திருக்கும் திருச்சிக்கு இலைப் பஞ்சம் இல்லை. நெல்லை, குமரிப் பக்கம் திருக்கார்த்திகைக்குக் குருத்துப் பனையோலையில் மாவைப் பொதிந்து அவிப்பார்கள். இந்த ஓலைக் கொழுக்கட்டையின் கடல் கடந்த உறவு என்று மெக்சிகோவின் தமாலேயைச் சொல்லலாம். அங்கே அரிசிக்குப் பதில் மக்காச்சோளம். அதைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்துத் தோல் நீக்கி அரைத்து, அந்த மாவுக்குள் இறைச்சியோ மிளகாய்ச் சாந்தோ வைத்து, சோளக்கதிரின் மடலிலோ வாழை இலையிலோ கட்டி ஆவியில் வைக்கிறார்கள். ஆஸ்டெக் மக்களின் நாவாட்டில் மொழியில் அதன் பெயர் தமல்லி. சந்தையில் விற்ற தமல்லி வகைகளை 16ஆம் நூற்றாண்டுத் துறவி சகாகூன் எழுதி வைத்திருக்கிறார். அங்கும் அது தெருப் பண்டமாகவும் திருநாள் பண்டமாகவும் இருக்கிறது. சனவரி 6 அன்று வெட்டும் ரொட்டியில் யாருக்குப் பொம்மை கிடைக்கிறதோ, அவர் பிப்ரவரி 2 அன்று எல்லாருக்கும் தமாலே கொடுக்க வேண்டும். உறவுப் பெண்கள் கூடி உட்கார்ந்து மடல் கட்டுவது அந்த ஊர் வழக்கம், இங்கே சொப்பு பிடிப்பதைப் போல.

ஸ்ரீரங்கத்து வீடுகளில் இந்த மாவுக்கு இன்னொரு நாளும் உண்டு. மாசி முடிந்து பங்குனி பிறக்கும் நேரத்தில் காரடையான் நோன்பு. வறுத்த அரிசி மாவில் வேகவைத்த காராமணியும் வெல்லமும் சேர்த்து, வட்டமாகத் தட்டி, நடுவில் விரலால் துளையிட்டு, வாழை இலைத் துண்டில் வேகவைத்த அடையை உருகாத வெண்ணெயோடு படைத்து, மஞ்சள் சரடு கட்டிக்கொள்வார்கள். பங்குனி நள்ளிரவில் பிறந்தால் அடுப்பும் அந்த நேரத்துக்குத் தயாராக இருக்கும். நாஞ்சில் நாட்டு ஔவையார் நோன்பு இதிலும் ஒரு படி மேலே: பெண்கள் மட்டும் இரவில் கூடி உப்பில்லாக் கொழுக்கட்டை அவித்துத் தாங்களே உண்பார்கள். ஆண்கள் அதைப் பார்க்கவும் கூடாது.

தெருவில் தொடங்கிய பண்டம் அடுப்பங்கரைக்குள் போனதற்கு வேலையின் தன்மையே பெரிய காரணமாகத் தோன்றுகிறது. உளுந்து சேர்ந்து புளித்த இட்லி மாவை மறுநாளும் வைத்து ஊற்றலாம். ஒரே தட்டில் பத்து இட்லி வெந்துவிடும். கொழுக்கட்டை மாவு ஆறினாலே இறுகும், ஒவ்வொன்றையும் தனியாகப் பிடிக்க வேண்டும், வெந்தபின் சில மணி நேரத்தில் தோல் கெட்டிப்படும். அதனால் ஓட்டல் வந்த காலத்தில் இட்லி நாள் முழுக்கக் கல்லாவுக்கு வந்தது, கொழுக்கட்டை வீட்டில் தங்கியது. இப்போது பாக்கெட் மாவும் பிளாஸ்டிக் அச்சும் கிடைக்கின்றன. சதுர்த்திக்கு முன்பே சொல்லிவைத்தால் வீட்டில் செய்து கொடுக்கும் பெண்களும் இருக்கிறார்கள். அச்சில் வார்த்ததில் மடிப்புகள் ஒரே அளவாக இருக்கும். கையால் பிடித்ததில் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி இருக்கும். வீட்டுக் கொழுக்கட்டையைத் தேடுபவர்களுக்கு அதுவே அடையாளம்.

பூரணம் தீர்ந்து மாவு மிஞ்சினால் அதைச் சுண்டைக்காய் அளவில் உருட்டி அவித்து, கடுகும் மிளகாயும் தாளித்து, தேங்காய்த் துருவல் தூவி மணிக்கொழுக்கட்டை ஆக்குவார்கள். மறுநாள் கெட்டியாகிவிட்ட கொழுக்கட்டைக்கு, தண்ணீர் தெளித்து மறுபடி ஓர் ஆவி காட்டினால் போதும்.