வெந்து பாடிய வால்வுகள்

ரொக் இசையின் வரலாற்றை எழுதியவர்கள் பாடகர்களைப் பற்றி எழுதினார்கள். கிற்றார் கலைஞர்களைப் பற்றியும் இசைத்தட்டுக் கம்பனிகளைப் பற்றியும் ரசிகர்களின் ஆரவாரத்தைப் பற்றியும் எழுதினார்கள். மேடையில் கலைஞனின் முதுகுக்குப் பின்னால் நின்ற பெட்டியைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. அந்தப் பெட்டிக்குள் இருந்த வெப்பத்தைப் பற்றி எழுதியவர்கள் அதிலும் குறைவு. ஆனால், 1950களிலும் 1960களிலும் உலகம் கேட்ட மின்கிற்றாரின் ஒலியைத் தீர்மானித்தவற்றுள் அந்த வெப்பமும் ஒன்று. அதனை எவராலும் ஒழிக்க முடியவில்லை. அதை எங்கே அனுப்புவது, அதற்காக எதை இழப்பது என்பதில்தான் அம்பிளிபயர்களை உருவாக்கியவர்கள் வேறுபட்டார்கள். இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது இதனைத்தான்.

வால்வு வானொலிப் பெட்டிகள் வீடுகளில் இருந்த காலத்தில் வளர்ந்த என் தலைமுறையினருக்கு வால்வு என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. குமிழைத் திருகியதும் இலங்கை வானொலி உடனே பேசிவிடாது. அரை நிமிடமளவில் காத்திருக்க வேண்டும். பெட்டியின் பின்புறத்தில் செம்மஞ்சள் ஒளி மெல்லப் பரவிய பிறகே குரல் வரும். வால்வு சூடேறுவதற்கான நேரம் அது.

இளைய வாசகர்களுக்காகச் சற்று விளக்குகிறேன். காற்று அகற்றப்பட்ட கண்ணாடிக் குழாய்க்குள் ஓர் உலோகத்தைச் சூடாக்கினால் அதிலிருந்து இலத்திரன்கள் வெளியேறும். 1904 இல் பிரித்தானியரான ஜோன் அம்புரோஸ் பிளெமிங் இதனைப் பயன்படுத்தி இருமுனை வால்வை உருவாக்கினார். 1906 இல் அமெரிக்கரான லீ டி பொரெஸ்ட் அதனுள் மூன்றாவது முனை ஒன்றைச் சேர்த்தார். அம்முனைக்கு வரும் சிறிய மின் சைகை, குழாயினூடாகப் பாயும் பெரிய மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தியது. கிற்றார் கம்பியின் மெல்லிய அதிர்வு ஒரு மண்டபத்தை நிறைக்கும் ஒலியாக மாறுவது இந்த வழியில்தான்.

ஆகவே, வால்வைப் பொறுத்தவரை வெப்பம் ஒரு குறைபாடல்ல; அது இயங்குவதற்கான நிபந்தனை. இலத்திரன்களை வெளிவிடும் கதோட்டு, ஏறத்தாழ 700 முதல் 800 பாகை செல்சியஸ் வரை சூடேறினால்தான் வேலை செய்யும். ஆனால் அதனோடு இன்னொரு வெப்பமும் சேர்கிறது. பாய்ந்து செல்லும் இலத்திரன்கள் எதிரேயுள்ள அனோட்டுத் தகட்டில் மோதும்போது அத்தகடும் சூடாகிறது. இந்த இரண்டாவது வெப்பத்தால் வால்வுக்கு எந்தப் பயனும் இல்லை. வெற்றிடத்தில் காற்றில்லாததால் அது பெரும்பாலும் கதிர்வீச்சாகவே வெளியேற வேண்டும். வால்வுகளின் அனோட்டுத் தகடுகளைக் கறுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ ஆக்கியதற்குக் காரணம், கருநிற மேற்பரப்பு வெப்பத்தை நன்றாக வீசும் என்பதே.

வானொலிப் பெட்டியில் இது பெரிய சிக்கலாகவில்லை. வீட்டுக் கூடத்துக்குப் போதுமான ஒலிக்குச் சில வாட் போதும். கிற்றார் மேடைக்கு வந்தபோதுதான் கணக்கு மாறியது.

கலிபோர்னியாவின் புல்லர்ட்டன் நகரில் வானொலி திருத்தும் கடை நடத்தியவர் லியோ பென்டர். கிற்றார் வாசிக்கவே கற்றுக்கொள்ளாத இவர், 1946 இல் தமது பெயரில் நிறுவனத்தைத் தொடங்கி, உலகம் முழுவதும் பின்பற்றிய அம்பிளிபயர்களை உருவாக்கினார். அவருடைய பெட்டிகளில் ஒலிபெருக்கி கீழேயும் மின்சுற்று மேலேயும் இருந்தன. வால்வுகள் மேலிருந்து கீழ்நோக்கித் தலைகீழாகத் தொங்கின. வாசிப்பவர் குனியாமலே குமிழ்களைத் திருப்பலாம். திருத்துபவர் பின்புறமிருந்தே வால்வை மாற்றலாம். பெட்டியும் அடக்கமாக இருக்கும். ஆனால் வெப்பம் மேல்நோக்கிச் செல்வது. தலைகீழாகத் தொங்கிய வால்வுகளின் வெப்பம் நேரே மின்சுற்று இருந்த உலோகத் தட்டுக்கு ஏறியது. அங்கே இருந்தவற்றுள் வெப்பத்தை மிகக் குறைவாகத் தாங்குபவை மின்பகு கண்டென்சர்கள். வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால் இவற்றின் ஆயுள் பாதியாகும் என்பது மின்னணுத் தொழிலில் புழங்கும் கணக்கு. வாசிப்பவரின் வசதிக்கான விலையைக் கண்டென்சர்கள் செலுத்தின.

பிரித்தானியாவில் இதே கேள்விக்கு வேறு விடை கிடைத்தது. கென்ற் மாவட்டத்தின் டார்ட்பர்ட் நகரில் தொம் ஜென்னிங்ஸ் நடத்திய நிறுவனத்துக்காக டிக் டென்னி என்ற கிற்றார் கலைஞர் வொக்ஸ் ஏ.சி. 15 என்ற அம்பிளிபயரை வடிவமைத்தார். அப்போது புகழின் உச்சியை நோக்கிச் சென்றுகொண்டிருந்த 'ஷடோஸ்' குழுவினருக்கு 15 வாட் போதவில்லை. அதன் வலுவை இரட்டித்து உருவானதே ஏ.சி. 30. ஈ.எல். 84 என்ற விரலளவான வால்வுகள் நான்கு இதில் இருந்தன.

இந்த நான்கு வால்வுகளின் கணக்கைப் பார்ப்போம். ஈ.எல். 84 இன் அனோட்டுத் தகடு தாங்கவேண்டிய வெப்பம் 12 வாட் என்று உற்பத்தியாளர்கள் வரையறுத்திருந்தார்கள். நான்குக்கும் 48 வாட். கதோட்டுகளைச் சூடாக்கும் இழைகளுக்கு மேலும் 19 வாட். மின்னோட்டத்தை நேராக்கும் வால்வின் இழைக்கு 9 வாட்டுக்கு மேல். முன்னிலை வால்வுகள் வேறு. ஒரு சுரமும் வாசிக்கப்படாமல் பெட்டி சும்மா நிற்கும்போதே 80 வாட்டுக்குக் குறையாத வெப்பம் அதனுள் பிறந்தது. வொக்ஸ் வால்வுகளை இயக்கிய முறை அப்படிப்பட்டது: ஓசையில்லாத வேளையிலும் அவற்றினூடாக நிறைய மின்னோட்டம் பாய்ந்தது. பல ஏ.சி. 30 பெட்டிகளில் அந்த 12 வாட் எல்லையும் மீறப்பட்டிருந்தது. பெட்டியின் மேற்பகுதியில் காணப்படும் மூன்று காற்றுத் துவாரங்கள் அழகுக்காக வைக்கப்பட்டவை அல்ல.

இவ்வளவு வெப்பத்தையும் ஏற்றுக்கொண்டதற்குக் காரணம் அதனால் கிடைத்த ஒலி. மெதுவாக வாசித்தால் மணிபோல ஒலிக்கும். அழுத்தி வாசித்தால் கரகரத்து விரியும். பீட்டில்ஸ் குழுவினர் 1962 முதல் வொக்ஸைப் பயன்படுத்தினார்கள். ஆனால் ரசிகர்களின் கூச்சல் 30 வாட்டை விழுங்கியது. 50 வாட், 100 வாட் என்று பெட்டிகள் வளர்ந்தன. 1965 ஆகஸ்ட் 15 இல் நியூயோர்க்கின் ஷே விளையாட்டரங்கில் 55,000க்கும் அதிகமானோர் முன்னிலையில் 100 வாட் வொக்ஸ் பெட்டிகளுடன் வாசித்தபோதும், தாங்கள் வாசிப்பது தங்களுக்கே கேட்கவில்லை என்றுதான் அவர்கள் சொன்னார்கள்.

அதே ஆண்டுகளில் லண்டனின் ஹன்வெல் பகுதியில் இசைக்கருவிக் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், கென் பிரான், டட்லி கிறேவன் ஆகியோருடன் சேர்ந்து பென்டரின் பாஸ்மன் அம்பிளிபயரை முன்மாதிரியாகக் கொண்டு 1962 இல் தமது முதலாவது அம்பிளிபயரை உருவாக்கினார். சுற்று பென்டருடையதை ஒத்திருந்தது, அமைப்பு வேறு. மார்ஷல் அம்பிளிபயரைத் தனிப் பெட்டியாக்கி ஒலிபெருக்கிப் பெட்டியின் மேல் வைத்தார். வால்வுகள் நிமிர்ந்து நின்றன. வெப்பம் மின்சுற்றைத் தொடாமல் மேல் துவாரத்தால் வெளியேறியது. 'த ஹூ' குழுவின் பீற் டவுன்ஷெண்ட் இன்னும் உரத்த ஒலி கேட்டபோது, 100 வாட் பெட்டிகள் வந்தன; பின்னர் அவை ஈ.எல். 34 வால்வுகள் நான்கைக் கொண்டிருந்தன. ஈ.எல். 34 ஒவ்வொன்றின் அனோட்டும் 25 வாட் வெப்பத்தைத் தாங்கும். நான்குக்கும் 100 வாட். ஒலிக்கு எவ்வளவோ வெப்பத்துக்கும் அவ்வளவு இடம் ஒதுக்க வேண்டியிருந்தது.

மின்விசிறி வைத்தால் என்ன என்று வாசகர்கள் கேட்கக்கூடும். வைத்தார்கள். 1969 இல் அமெரிக்காவின் அம்பெக் நிறுவனம் வெளியிட்ட 300 வாட் எஸ்.வி.டி. அம்பிளிபயரில் 14 வால்வுகள் இருந்தன. அதற்குள் விசிறியும் இருந்தது. அவ்வாண்டு 'ரோலிங் ஸ்டோன்ஸ்' குழுவினர் தமது அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் அதனைப் பயன்படுத்தினார்கள். ஆனால் விசிறிக்கும் ஓர் ஓசை உண்டு. பெரிய மேடையில் அது கேட்காது. ஒலிப்பதிவுக் கூடத்தில் மைக்கின் முன்னால் கேட்கும். சிறிய அம்பிளிபயர்களில் விசிறி பரவாமல் போனதற்கு இது முக்கிய காரணம்.

கலைஞர்களின் ஆசை பெட்டிகளை மேலும் வருத்தியது. அம்பிளிபயரை அதன் எல்லைக்கு அப்பால் தள்ளும்போது பிறக்கும் கரகரப்பையே அவர்கள் விரும்பினார்கள். எட்வர்ட் வான் ஹேலனின் கதை இதற்கு நல்ல உதாரணம். 1978 இல் அவரது குழுவின் முதலாவது இசைத்தட்டு வெளியானபோது அந்த ஒலியின் இரகசியத்தை எல்லோரும் தேடினார்கள். தமது மார்ஷலுக்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தை 140 வோல்ட் வரை உயர்த்துவதாக ஆரம்பகாலப் பேட்டிகளில் அவர் கூறினார். அதை நம்பி முயன்றவர்களின் அம்பிளிபயர்கள் எரிந்தன. உண்மையில் அவர் மின்னழுத்தத்தை 90 வோல்ட் அளவுக்குக் குறைத்தே பயன்படுத்தினார் என்பது பின்னாளில் தெரியவந்தது. இளைஞர்கள் பலரின் சேமிப்பு ஒரு பேட்டியை நம்பிக் கருகியது. பேட்டி எடுத்துப் பிழைத்த தொழிலில் இருந்தவன் என்ற வகையில் இந்தக் கதை என்னை இப்போதும் உறுத்துகிறது.

1947 டிசம்பரில் பெல் ஆய்வுகூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தபோதே வால்வின் காலம் முடிந்துவிட்டதெனப் பலர் எண்ணியிருக்கலாம். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் கணினியிலும் அது நடந்தது. கிற்றாரில் நடக்கவில்லை. 1966 இல் பென்டர் நிறுவனம் டிரான்சிஸ்டர் அம்பிளிபயர்களை வெளியிட்டது. சூடேறும் வரை காத்திருக்கத் தேவையில்லை. வால்வு மாற்றும் செலவும் இல்லை. இருந்தும் கலைஞர்கள் அவற்றை ஏற்கவில்லை. 1970களின் தொடக்கத்தில் அவை கைவிடப்பட்டன.

ஆனால் மேற்குலகின் வால்வுத் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. வால்வைக் காப்பாற்றியது பனிப்போரின் மறுபக்கம். 1976 செப்டெம்பர் 6 இல் சோவியத் விமானி விக்டர் பெலென்கோ தமது மிக் 25 விமானத்துடன் ஜப்பானில் தரையிறங்கியபோது, அதன் மின்னணுக் கருவிகளில் வால்வுகள் நிறைந்திருப்பதைக் கண்டு மேற்கத்திய நிபுணர்கள் வியந்தார்கள். சோவியத் நாடு வீழ்ந்த பின்னர், ரஷ்யாவின் சாரட்டோவ், சிலோவாக்கியாவின் சாட்சா ஆகிய நகரங்களின் தொழிற்சாலைகளும் சீனத் தொழிற்சாலைகளும் உலகக் கிற்றார் கலைஞர்களின் தேவையைச் சுமந்தன. 2022 மார்ச்சில், உக்ரேன் போரை அடுத்து ரஷ்யா ஏற்றுமதித் தடை விதித்தபோது அந்த ஏற்பாடு எவ்வளவு மெல்லியது என்பது வெளிப்பட்டது. வால்வுகளுக்குத் தட்டுப்பாடு வந்தது. விநியோகம் மீண்டும் தொடங்கியபோது விலை ஏறியிருந்தது.

இன்று ஏ.சி. 30 இன் ஒலியைக் கணக்கிட்டுத் தரும் மின்னணுப் பெட்டிகள் உள்ளங்கையளவில் கிடைக்கின்றன. அவற்றுள் கொதிக்கும் கதோட்டு இல்லை. ஆனால் அவை ஒப்பிக்க முயல்வது, மரப்பெட்டிக்குள் எல்லை மீறி வெந்துகொண்டிருந்த அந்தச் சிறு கண்ணாடிக் குழாய்களின் நடத்தையைத்தான்.

வாசகர் எவரிடமாவது அவ்வாறான பழைய பெட்டி இருந்தால் மூன்று விடயங்களை நினைவில் வைத்திருங்கள். மேல் துவாரங்களைத் துணியால் மூடாதீர்கள். வாசித்து முடித்ததும் வால்வுகள் ஆறும்வரை பெட்டியை அசைக்காதீர்கள். சூடான இழைகள் அதிர்ச்சியைத் தாங்கா. மின்னிணைப்பைக் கழற்றிய பின்னரும் உள்ளே கைவைக்காதீர்கள். வால்வு ஆறிவிடும், கண்டென்சரில் தேங்கிய மின்சாரம் உயிரைப் பறிக்கும்.